தொப்பைக்கல்லில் பதினொரு நிமிடம்

ஆத்தூர்,
26-1-2025

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான் உங்களுக்குக் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். தபால் நிலையத்தில் ஒரு கவர் கேட்டதற்கு அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு என்ன செய்ய? வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். போனிலும் அப்படியே. குடும்பக் குரூப்பிலிருந்து வெளிநடப்பு. அக்காவிடம் பேசும்போது "மச்சான்கிட்டக் குடு" என்றால், "அவரு குளிச்சுட்டு இருக்கறாருடா" என்கிறாள். பத்து நாளாகக் குளிக்கிற ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பிக்கு வருஷா வருஷம் நாம் ஏறுகிற நரிக்கரடுதான். பெண்கள் அடிவாரத்தில் ஆவாரம்பூப் பறிப்பார்கள். நாம் வடக்கே ஏறி முகட்டோடு தெற்கே ஒன்றரை மைல் நடப்போம். நடுவில் தொப்பைக்கல்லில் ஏறி உட்கார்ந்து கரும்பு தின்போம். தொப்பைக்கல் என்ன பெரிய சிகரமா? அதைவிட உயரம் தெற்குக் கோடியில் இருக்கிறது, கோயிலும் படிக்கட்டுமாக. இது நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை, ஒன்றரை ஆள் உயரம். பாறையின் வயிற்றோடு நம் வயிற்றை ஒட்டிக்கொண்டு, இரண்டு குழியில் கால் வைத்து ஏறினால் முடிந்தது. வலப்பக்கம் பள்ளம் இருக்கிறது என்பதுதான் ஒரே சங்கதி. இருபத்தேழு வருஷமாக நீங்கள் முதலில் ஏறி எனக்குக் கை கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வருஷம் "நீ போடா மாப்பிள்ளை முதல்ல" என்றீர்கள். நான் ஏறிவிட்டேன். நீங்கள் முதல் குழியில் கால் வைத்து, இரண்டாவது குழிக்குப் போகாமல் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டீர்கள். பதினொரு நிமிடம். கீழே நின்ற நம் சொந்தக்காரப் பையன் நவீன்குமாரும் மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையைக் கொடுத்தேன், நீங்கள் பிடிக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி, இன்னொரு கையில் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். 'தொப்பைக்கல்லும் தொப்பையும் சந்தித்த வேளை' என்று தலைப்பு வேறு போட்டுக் குரூப்பில் விட்டேன். அதை எடுத்து நவீன்குமார் ஸ்டேட்டஸில் வைப்பான் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ. என் வாய்க்கும் விரலுக்கும் நடுவில் மூளை கிடையாது என்று அக்காவே சொல்வாள். தப்புத்தான் மச்சான். பிளாக்கை எடுங்கள்.

பிரபாகர்


வெண்ணந்தூர்,
9-2-2025

திரு. பிரபாகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அக்கா அதைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். "தம்பி கடுதாசி போட்டிருக்கறானுங்க, என்னமோ ஏதோன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன்.

நான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். உங்கள் வீடியோ என் பஸ்ஸில் இருக்கும் நாற்பத்தொரு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்விட்டது. கடைசி சீட்டிலிருந்து, "டிரைவர் அங்கிள், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்காதீங்க" என்று கத்துகிறார்கள். டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஒன்பது வருஷமாக அந்த வண்டியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அது போயிற்று.

உங்கள் அக்கா என்னைச் சேந்தமங்கலத்தில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனாள். பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்து, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். மூன்று வெள்ளிக்கிழமை வரச் சொன்னார், போனேன்.

ஆமாம், பயந்துவிட்டேன். எனக்கும் ஐம்பத்து நான்கு ஆகிறது. பயப்படுவது ஒன்றும் குற்றம் இல்லை. இதோடு விட்டுவிடுங்கள். அடுத்த நோம்பிக்கு நான் அடிவாரத்தில் பூப்பறித்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் போனோடு மேலே போய்க்கொள்ளலாம்.

ஆ. சரவணமுத்து


ஆத்தூர்,
2-3-2025

மச்சானுக்கு,

'திரு' போட்டு, 'அவர்கள்' போட்டு எழுதியிருந்தீர்கள். என் கல்யாணத்தில் சட்டைக் காலரைப் பிடித்து என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போன மனுஷன் நீங்கள். நாலு கெட்ட வார்த்தை எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆனால் இன்றைக்கு எழுதுவது அதற்காக இல்லை. 'ஆமாம், பயந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொல்லிமலையின் எழுபது வளைவிலும் லோடு லாரியை இறக்கியவர் நீங்கள். நாக்பூர் ரோட்டில் பிரேக் போன வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, "லேசா வேர்த்துச்சு" என்று மட்டும் சொன்னவர். உங்களுக்குப் பயம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தாலும் இவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் நீங்கள் இல்லை. கேரம் ஆட்டத்தில் என்னிடம் தோற்றதையே இன்று வரை ஒத்துக்கொள்ளாதவர்.

அழிப்பதற்காகத்தான் அந்த வீடியோவைத் திறந்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். என் சிரிப்புச் சத்தம் இல்லாமல் பார்த்தால் அது வேறு வீடியோ மச்சான். உங்கள் கால் நடுங்கவே இல்லை. குழிக்கு நான்கு விரல் தள்ளி, வெறும் பாறையில் தேடுகிறது. நான் கையை நீட்டுகிறேன். உங்கள் கை என் கைக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொள்கிறது. மூன்று தடவை வெறும் காற்றைப் பிடிக்கிறீர்கள். பள்ளத்தைப் பார்ப்பதற்குத் தலையை முழுசாகத் திருப்புகிறீர்கள், கோழி பார்க்கிற மாதிரி.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினீர்கள். என் வீட்டுக்காரி சித்ரா வலப்பக்கம் வந்து சாம்பார் கரண்டியோடு நின்றது தெரியாமல் கையை வீசித் தட்டிவிட்டீர்கள். அவள் புடவை பாழாயிற்று. அதற்கும் சிரித்தோம். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வலது கண்ணுக்கு என்ன?

அக்காவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பிரபாகர்


வெண்ணந்தூர்,
23-3-2025

மாப்பிள்ளை,

நீ என்ன டாக்டரா? சேகோ ஆலையில் ஜவ்வரிசி மாவு காய்ந்ததா என்று பார்க்கிற உன் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? அடுத்தவன் கண்ணை எதற்கு நோண்டுகிறாய்?

இந்த நாலு வரியை எழுதி ஐந்து நாள் ஆகிறது. கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அதனால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றரை வருஷமாகிறது. முதலில் ஓரத்தில் புகை மாதிரி இருந்தது. கண்ணாடி அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு புகை நடுவுக்கு வந்தது. லாரி ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போனேன். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இடது கண் தப்பிக்கும் என்றார். மருந்தை டூல்ஸ் பெட்டியில் வைத்து இரண்டு வேளையும் விடுகிறேன். இப்போது வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்.

உன் அக்காவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் பாதி வேஷம். கோபத்தில் இருக்கிறவன் பக்கத்தில் வந்து யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்தபோது உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. பயந்தாங்கொள்ளி பஸ் ஓட்டலாம். அதனால்தான் பூசாரி முன்னால் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தேன்.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். நான் முப்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. வளைவில் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் ஒடிக்கிறேன். பக்கக் கண்ணாடியைப் பெரிதாக மாற்றிவிட்டேன். இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சு என் சக்கரத்தில் பட்டதில்லை.

வருஷா வருஷம் மே மாதம் பள்ளி வண்டிகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பார்கள். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் அங்கேயே. போன வருஷம் எனக்கு முன்னால் நின்றவன் பலகையில் இருந்ததைச் சத்தமாகப் படித்தான். கடைசி மூன்று வரியை மனப்பாடம் செய்துகொண்டேன். வலது கண்ணால் எதுவும் தெரியாமலேயே கடகடவென்று ஒப்பித்தேன். "கண்ணு சூப்பருங்கண்ணா" என்று சொல்லி அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஆனால் மாப்பிள்ளை, ஐந்தரைக்கு எழுந்து வண்டியைத் துடைத்து, ஊதுவத்தி ஏற்றி, ஆறே முக்காலுக்கு முதல் நிறுத்தத்தில் நிற்பேன். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை என்று தெரியும். அந்த வண்டி இல்லையென்றால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன், சொல்லு.

படித்ததும் எரித்துவிடு. உன் அக்கா அன்புச்செல்விக்குத் தெரிய வேண்டாம்.

சரவணமுத்து


ஆத்தூர்,
14-4-2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நாலு தடவை ஆரம்பித்தேன். எல்லாம் புத்தி சொல்கிற மாதிரியே வந்தது. உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யார்? அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நரிக்கரட்டுக்குப் போனேன். வீட்டில் ராசிபுரத்தில் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன். உங்கள் வீட்டு வழியாகத்தான் போனேன். உள்ளே வரத் தைரியம் இல்லை.

வடக்குப் பக்கம் ஏறி முகட்டுக்கு வந்ததும் கைக்குட்டையை எடுத்து வலது கண்ணை இறுகக் கட்டிக்கொண்டேன்.

வெறும் நடைக்கே தடுமாற்றம் வந்துவிட்டது. பங்குனி வெயிலில் பாறையெல்லாம் ஒரே வெள்ளை. எது மேடு, எது பள்ளம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு படி என்று நினைத்துக் காலைத் தூக்கினால் அங்கே படியே இல்லை, முழங்கால் அதிர்கிறது. வலப்பக்கம் இருந்த வேலமரத்து முள் தோளில் கிழித்த பிறகுதான் அங்கே மரம் இருப்பதே தெரிந்தது. கொல்லிமலை எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அந்த முக்கால் மைலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

தொப்பைக்கல்லுக்குக் கீழே ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னாயி என்று பெயர் சொன்னார். என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணுல பூச்சி அடிச்சுப் போச்சுங்களா?" என்றார். "இல்லைங்கம்மா, சும்மாதான்" என்றேன். "சும்மா யாராச்சும் கண்ணைக் கட்டுவாங்களா? அவுத்துப்போட்டு ஏறுங்க சாமி, உழுந்து கிழுந்து வெக்கப் போறீங்க" என்றார். கேட்கவில்லை. ஏறினேன்.

முதல் குழி கிடைத்துவிட்டது. பாறை சட்டையைத் தாண்டிச் சுட்டது. இரண்டாவது குழிக்குக் காலைத் தூக்கினேன். கண்ணுக்குக் குழி தெரிகிறது மச்சான், நன்றாகவே தெரிகிறது. ஆனால் அது ஒரு அடியில் இருக்கிறதா, ஒன்றரை அடியில் இருக்கிறதா என்பது தெரியவில்லை. கால் வைத்தேன். வெறும் பாறை. வழுக்கியது. வலப்பக்கம் பள்ளம் இருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இல்லாத பக்கத்தில் விழப்போகிறோம் என்பது என்ன மாதிரி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கையும் காலும் அதுவாகப் பாறையைப் பிடித்துக்கொண்டன. நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கக் கை வரவில்லை. கீழே பொன்னாயி அம்மா சிரிக்கவில்லை. "இடதுகால மெதுவா எறக்குங்க. இன்னுங் கொஞ்சம். அங்கதான், அங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல இறங்கினேன். முன்பின் தெரியாத ஒருத்தருக்குத் தோன்றியது, இருபத்தேழு வருஷம் பழகிய எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். முதல் கடிதத்தில் கேட்டது பிளாக்கை எடுப்பதற்காகக் கேட்ட மன்னிப்பு. இது நிஜமான மன்னிப்பு.

பிறகு கைக்குட்டையை அவிழ்த்தேன். என்னால் அவிழ்க்க முடிந்தது.

இனி நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை ஜென்மத்துக்கும் பிளாக் செய்தாலும் பரவாயில்லை. பஸ்ஸின் கதவு இடப்பக்கம். இறங்குகிற பிள்ளைகளில் பாதிப்பேர் வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அவர்கள் உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் ஓடுவார்கள். ஒன்றரை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். நானும் பத்து மணிவரை முகட்டில் விழாமல்தான் நடந்தேன்.

அக்காவிடம் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் சொல்ல மாட்டேன். மே மாதம் அந்தப் பலகைக்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் நீங்கள் நீங்களாக இருப்பீர்கள்.

வீடியோவை அழித்துவிட்டேன். நவீன்குமாரையும் அழிக்க வைத்தேன்.

பிரபாகர்


(அஞ்சலட்டை)

வெண்ணந்தூர்,
28-4-2025

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். வண்டிச் சோதனை முகாம் மே 17 சனிக்கிழமை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ச.


ஆத்தூர்,
25-5-2025

மச்சானுக்கு,

பதினேழாம் தேதி போய் ஒரு வாரம் ஆயிற்று. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அக்காவிடம் பேசினேன். "நல்லா இருக்கறாரு, வெளிய போயிருக்கறாரு" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பள்ளிக்கூட நம்பரைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒரு தடவை மணி அடித்தது. எடுப்பதற்குள் துண்டித்துவிட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதற்காகத் துண்டித்தேனா, உங்கள் முகத்துக்குப் பயந்து துண்டித்தேனா என்று எனக்கே புரியவில்லை. ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அதுவரைதான் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். அதற்குமேல் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவத்தில் பாதி எனக்குத்தான்.

ஒரு வரி எழுதுங்கள்.

பிரபாகர்


வெண்ணந்தூர்,
15-6-2025

மாப்பிள்ளை,

உன் கடைசிக் கடிதம் வந்தபோதே பதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நீ தவித்திருப்பாய். மே இருபத்தொன்பதாம் தேதி உன் பிளாக்கை எடுத்து, 'திறக்கிற அன்னிக்கு வண்டியில நான் இல்லை' என்று மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினேன். நீ உடனே போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. எழுதுவது பழகிவிட்டது.

முகாமுக்குப் போனேன். மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. என் வண்டிக்குப் புது டயர் மாட்டி, அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி எல்லாம் சரி பார்த்து வைத்திருந்தேன். வண்டியில் ஒரு குறை சொல்ல முடியவில்லை அவர்களால். அப்புறம் கண் பரிசோதனைக்கு வரிசையில் நின்றோம். நாற்பது பேர் இருப்போம். அதே பலகை. அந்தக் கடைசி மூன்று வரியும் எனக்கு இப்போதும் மனப்பாடம். என் முறை வரும்வரை அதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டு கீழ் வரி வரை படித்தேன். இடது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன். நம் வீட்டுப் பிள்ளை கயல்விழி வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "படிங்கண்ணா" என்றது. வாயில் எழுத்துகள் தயாராக நிற்கின்றன. உன் பொன்னாயி அம்மாவைத்தான் நினைத்தேன். முன்னே பின்னே பார்த்ததில்லை, இருந்தாலும் அவர் கீழே நிற்கிற மாதிரி இருந்தது.

"எழுத்து தெரியுதுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டது.

"பலகையே தெரியலீங்க அம்மிணி" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து அது சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குச்சியைக் கீழே இறக்கிவிட்டது. எத்தனை நாளாக என்று அதிகாரி கேட்டார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்றேன். போன வருஷமும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற உதவியாளர் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்கிறார்கள். நான் ஓட்டிய வண்டியில், இன்னொருவன் ஓட்ட, நான் கதவுப் படியில் நிற்பதா என்று மனசு முறுக்கிக்கொள்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புச்செல்வியிடம் அன்றைக்கே சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள். வலது என்றேன். அவ்வளவுதான் கேட்டாள். அழுவாள், ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் இல்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. டூல்ஸ் பெட்டியிலிருந்த மருந்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வேளைக்கு அவளே விடுகிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு எனக்குத்தான் வீட்டில் இருக்க முடியவில்லை. ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வாசலில் போய் நிற்பேன், திரும்புவேன். ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டுப் போன வியாழக்கிழமை மத்தியானம், "கெளம்புங்க, தொப்பைக்கல்லுக்குப் போய்ட்டு வரலாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குத்தான் தெரியுமே, இத்தனை வருஷத்தில் அவள் அடிவாரத்தைத் தாண்டியதில்லை. பூப்பறித்துக்கொண்டு நமக்காகக் காத்திருப்பாள், அதுதான் வழக்கம். "உனக்கு வழி தெரியாதே" என்றேன். "உங்களுக்குத் தெரியுமல்லங்க" என்றாள்.

மேகம் போட்டிருந்ததால் வெயில் இல்லை. மூன்றரைக்கு முகட்டுக்கு வந்துவிட்டோம். நான் வழி சொன்னேன், அவள் மேடு பள்ளம் சொன்னாள். "கல்லு, காலைத் தூக்குங்க. சறுக்கு. இங்க ஒண்ணுமில்ல, நடங்க." நடுநடுவே மூச்சு வாங்கி நின்று, "இத்தனை வருசமா இதுக்குத்தான் எங்களைக் கீழ உட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

தொப்பைக்கல்லுக்குக் கீழே வந்ததும் பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். இந்தத் தடவை நிஜப் பயம் மாப்பிள்ளை. போதும், திரும்பலாம் என்றேன். அவள் பாறையை மேலும் கீழும் பார்த்தாள். குழிகளுக்கு வலப்பக்கத்தில், பள்ளத்தை ஒட்டி, ஒரு அடி அகலத்தில், சாய்வாக மேலே போகிற விளிம்பு ஒன்று இருக்கிறதே, நாம் யாரும் அதில் கால் வைத்ததில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றாள்.

"நீங்க பாறையப் பாத்து ஏறுங்க. பள்ளத்துப் பக்கம் நான் வாரேன்" என்றாள்.

முதல் குழியில் ஏறி நின்றேன். இரண்டாவது குழிக்கு நான் காலைத் தூக்கியபோது கணுக்காலைப் பிடித்து அதில் வைத்துவிட்டாள். அவள் தோள் என் வலது கையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் இருந்த இடத்தில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஏறிவிட்டேன். அவளுக்கு நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன்.

மேலே உட்கார்ந்திருந்தோம். வெண்ணந்தூர் ரோட்டில் மஞ்சள் வண்டி வந்தது. "உங்க வண்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். ஆலமரத்து நிறுத்தத்தில் நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள், எதிர்ப்பக்கம் போனார்கள், வண்டி நின்றே இருந்தது. எல்லாரும் போன பிறகுதான் நகர்ந்தது. "நாலு நிமிசம் லேட்டு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு இடது கண், வலது கண் என்று இல்லாமல் இரண்டிலிருந்தும் தண்ணீர் வந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, எனக்கு முன்னால் விளிம்பில் இறங்கி நின்று கையை நீட்டினாள். இறங்கும்போதும் அவள்தான் பள்ளத்துப் பக்கம்.

சரவணமுத்து